தற்காலிக அமரர்

"உங்க வீட்டுக்காரர் எத்தனை அடி நீளம்மா?"

கிராணி சதாசிவம் போனில் இப்படிக் கேட்டதும் கலாதேவியின் கையில் இருந்த கரண்டி நழுவி ரசத்துக்குள் விழுந்தது. உயரம் என்று கேட்கவில்லை. நீளம் என்று கேட்டார். உயரம் என்பது நிற்கிறவர்களுக்கு. நீளம் யாருக்கு என்று ஏழாங்கட்டைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் தோட்ட ஆபீஸ் எழுத்தரான கிராணி சதாசிவம், மரண சகாய சங்கத்தின் செயலாளர்.

"ஏன் ஐயா கேக்கறீங்க?"

"பயப்படாதீங்க. சும்மா ஒரு அளவுக்குத்தான். ஒம்பது மணிக்கு மண்டபத்துக்கு அழைச்சிக்கிட்டு வந்துருங்க. பசியாறிட்டே வாங்க, அங்க ஒண்ணும் இருக்காது."

கலாதேவி எட்டிப் பார்த்தாள். மகேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அப்படித்தான் தூக்கம். படுத்தால் மூச்சு முட்டுகிறது. காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழி நிரம்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள். அப்புறம் மெதுவாகக் கேட்பாள்:

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன் லா. எங்க போகப் போறேன்?"

சிறுநீரகம் ஓய்ந்துவிட்டதால் வாரத்துக்கு மூன்று நாள் ஈப்போ சிலிபினில் உள்ள மையத்துக்குப் போய் ரத்தம் கழுவ வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. போன மாதம்வரை பக்கத்து வீட்டு ரூபன் தன் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ரூபனுக்குக் கமுந்திங் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது, வண்டியோடு போய்விட்டான். மெயின் ரோட்டில் இருந்து தோட்டத்துக்கு நாலு கிலோமீட்டர் செம்மண். நடுவில் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டினால் ஒரு வழுக்கு மேடு. மழை பெய்தால் வாடகைக் கார்க்காரன் போனையே எடுப்பதில்லை, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு "இங்கே கொண்டு வாங்க" என்கிறது. இந்த வியாழக்கிழமை மழை. போக முடியவில்லை. இன்றைக்குச் சனி, மதியம் ஒரு மணிக்கு நேரம். சிலிபின் நர்ஸ் நேற்றே சொல்லிவிட்டாள்: "அக்கா, நாளைக்கும் விட்டீங்கன்னா அப்புறம் நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல என்றால் என்ன அர்த்தம் என்று கலாதேவி கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

சங்கத்துக்கு இப்போது திடீரென்று வண்டி வந்த கதை இது. பால்மரக் காட்டை வாங்கிச் செம்பனை நட்ட கம்பெனிக்கு, ரோட்டைப் போட்டுக் கொடுங்கள் என்று தோட்டத்து மக்கள் பதினொரு வருடம் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாவது வருடம் கம்பெனி மனம் இரங்கி, ரோட்டுக்குப் பதிலாக ஒரு கார் தருவதாகப் பதில் போட்டது. இரண்டு கார்களின் படம் இருந்தது. ஒன்று, எல்லாச் சக்கரமும் இழுக்கிற தாழ்வான நீள வேகன். மற்றது, குடும்பத்தோடு போகிற நடுத்தர எஸ்யூவி, நல்ல உயரம், ஏழு சீட்டு, முன் சக்கரம் மட்டும் இழுக்கும். சனிக்கிழமை மாலைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை என்றால் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். தோட்டத்தில் பதிவு பெற்ற சங்கம் மரண சகாய சங்கம் ஒன்றுதான். ஆகவே வண்டி அதற்கு வந்தது. நோயாளிகளைக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று கலாதேவி மூன்று மாதத்துக்கு முன் எழுதிய கடிதம்தான் சங்கத்தின் 'வாகனம்' கோப்பில் இருந்த ஒரே தாள். ஆகவே போன் அவளுக்கு வந்தது.

ஒன்பது மணிக்கு முன்னால் வேகன் அவள் வீட்டுப் பக்கம் வந்தது. கறுப்பு நிறம். ஓட்டி வந்தது சீனி. சங்கத்தின் பழைய வண்டி துருப்பிடித்துச் சாகும்வரை இருபது வருடம் அதை ஓட்டியவன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஏழாங்கட்டையில் வேகன் என்றால் கார் இல்லை. அந்தக் காலத்தில் ஈப்போவில் இருந்து பிணம் ஏற்ற வந்த வண்டிக்குத்தான் வேகன் என்று பெயர். "வேகன் வந்தாச்சா?" என்று ஒருத்தர் கேட்டால் மற்றவர் தலையில் கை வைத்துக்கொள்வார். கறுப்பு வேகன் லயத்து வீடுகள் பக்கம் திரும்பியதும் கோழிகள் கூட ஒதுங்கின. அளவுக்கு மகேந்திரன் கிளம்பிவிட்டாரா என்று கேட்க அது கலாதேவி வீட்டு வாசலில் நின்றபோது எதிர்வீட்டு வீரம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பேர். மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்து, ஒப்பாரியில் இரண்டு அடி பாடி முடித்துவிட்டார்கள்.

மகேந்திரன் கதவைத் திறந்தார். "யாருக்கு, வீரம்மாக்கா?"

வீரம்மா வாயை மூடினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்குன்னு நெனச்சோம் தம்பி."

"எனக்கில்ல லா. இன்னும் இல்ல."

"அப்ப யாருக்கு?" வீரம்மாவுக்குக் கொஞ்சம் கோபம்தான். அடுப்பு அணைந்துவிட்டதே.

ஒப்பாரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கலாதேவிக்குத் தெரியவில்லை.

மண்டபத்தில் எஸ்யூவி ஏற்கெனவே நின்றது. வெள்ளை. அதைக் கொண்டுவந்தவன் ஷர்வின் என்ற விற்பனைக்காரன். யாராவது கிட்டே போனால் துணியை எடுத்துக்கொண்டு கூடவே போனான். அதன் முன்சீட்டில் சங்கத் தலைவர் டத்தோ சொக்கநாதன் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். இறங்க மனம் இல்லாமல், சீட்டில் இருந்தபடியே பேச்சைத் தொடங்கினார்.

"உறுப்பினர்களே! இந்த உயரத்துல இருந்து பார்த்தாத்தான் உங்க கஷ்டம் எனக்குத் தெளிவா தெரியுது. தலைவரா இருக்கிறவன் ஒரு இறப்பு வீட்டுக்குப் போனா, அவன் வந்துட்டான்னு சந்து முனையிலயே தெரியணும். தாழ்வா ஒரு வேகன்ல போயி எறங்கினா, செத்தவரோட சொந்தக்காரன்னு நெனச்சிடுவாங்க."

கிராணி சதாசிவம் தொண்டையைச் செருமினார். "டத்தோ, பொட்டி ஆறரை அடி. வேகன்ல நேரா படுக்கும். அதுவும் யோசிக்கணும்."

"யோசிப்போம். யோசிக்கிறதுக்குத்தானே சங்கம்?"

கலாதேவி கையைத் தூக்கினாள். "டத்தோ, வண்டி உசிரோட இருக்கிறவங்களுக்குன்னுதான் நான் கடுதாசி எழுதினேன். இவரு ஒரு மணிக்குச் சிலிபின்ல இருக்கணும். மழை வேற வரும்போல இருக்கு."

டத்தோ அவளைக் கனிவோடு பார்த்தார். அந்தக் கனிவு அவர் இறப்பு வீடுகளில் வைத்திருப்பது. "அம்மா, உசிரோட இருக்கிறவங்க ஒரு நாள், ரெண்டு நாள் பொறுத்துக்குவாங்க. செத்தவங்க பொறுப்பாங்களா? வெயில் நாளுல சொல்லவே வேணாம். அதனாலதான் நம்ம சங்கம் எப்பவும் செத்தவங்க பக்கம். முப்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு உறுப்பினர் கூட திரும்பி வந்து குறை சொன்னது கிடையாது. இந்தப் பேரு வேற எந்தச் சங்கத்துக்கு இருக்கு?"

கூட்டம் கைதட்டியது. வீரம்மாவும் தட்டினாள்.

அளவு எடுப்பது அடுத்த நிகழ்ச்சி. முதலில் எஸ்யூவி. பின்சீட்டுகளை மடக்கி, ஷர்வின் விரித்த பிளாஸ்டிக் தாளின் மேல் மகேந்திரனைப் படுக்க வைத்தார்கள். கால் எட்டு அங்குலம் வெளியே நின்றது.

"கொஞ்சம் மடக்கச் சொல்லுங்க," என்றார் டத்தோ.

"இப்ப மடங்கும் டத்தோ," என்றார் கிராணி, குறிப்பெடுத்துக்கொண்டே. "அந்த நேரத்துல மடங்காது."

மகேந்திரன் படுத்தபடி சொன்னார்: "என்னைக் கேட்டா, போற வழியிலதானே தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. எல்லாரையும் அங்க எறக்கிவிட்டுட்டு நான் சிலிபினுக்குப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. படுத்திருப்பவர் பேசிப் பழக்கம் இல்லை அவர்களுக்கு.

அடுத்து வேகன். அதில் நேராகப் படுத்தார். தலை முதல் கால்வரை தைத்து வைத்த மாதிரிப் பொருந்தியது. பொருந்தியதைப் பார்த்ததும் கலாதேவி வண்டிக்குக் கிட்டே போய் நின்றாள். கிராணி கையைத் தட்டினார். "விதி ஒம்பது. சங்க உறுப்பினரை வண்டியில கிடத்தினதும் எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனம்."

எல்லாரும் எழுந்தார்கள். டத்தோ கூட எஸ்யூவியில் இருந்து இறங்கினார்.

மௌனத்தில் ஒரு சத்தம் கேட்டது. மகேந்திரனின் நெஞ்சுக்குள் இருந்து, கொதிக்கிற பானைக்குள் கரண்டி உரசுவது போல. இன்றைக்கு முன்னால் அவர் மட்ட மல்லாக்கப் படுத்து ஒரு வாரம் ஆகிறது. உதடு கறுத்தது. கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது.

"தூக்குங்க! அவரால படுக்க முடியாது, தூக்குங்க!"

"ஸ்ஸ்ஸ்," என்றார் கிராணி, கடிகாரத்தைப் பார்த்து. "இன்னும் இருபது செக்கன்."

கலாதேவி இருபது செக்கன் காத்திருக்கவில்லை. உள்ளே ஏறி அவர் தோளைத் தூக்கித் தன் மடியில் சாய்த்தாள். மூச்சு திரும்பி வந்தது. ஆனால் கிராணி குறிப்பில், 'மௌனம் நாற்பது விநாடி. மீதி நிலுவை' என்று எழுதிக்கொண்டார்.

அதற்குள் மழையும் வந்துவிட்டது.

வாக்கெடுப்பு நடந்தது. வேகனுக்கு நாலு, எஸ்யூவிக்கு நாலு. டத்தோ கையை உயர்த்தினார். "வண்டியோட திறமைய நானே நேருல காட்டுறேன். ஓடையத் தாண்டி மேட்டுல ஏறித் திரும்பி வாரேன். ஷர்வின், ஓட்டு."

"சார், சேறு சார். இது குடும்ப வண்டி சார்."

"நானும் குடும்பஸ்தன்தான். ஓட்டு."

வெள்ளை எஸ்யூவி போனது. இருபது நிமிடம் கழித்து டத்தோவின் போன் வந்தது. மேட்டில் பாதி ஏறி, வழுக்கி, ஓரத்துச் சேற்றில் சாய்ந்துகொண்டதாம். உயரத்தில் இருந்து பார்க்க எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் கதவுதான் திறக்க மாட்டேன் என்கிறது என்றார்.

மணி பதினொன்றரை. ஓடையில் தண்ணீர் இப்போது கணுக்கால்தான். பன்னிரண்டுக்கு மேல் இடுப்பு. அப்புறம் திங்கட்கிழமைவரை இந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான். கலாதேவி ஒரு முடிவுக்கு வந்தாள். இத்தனை வருடம் பார்த்துப் பயந்த வேகனைப் பார்த்து நின்றாள். நாலு சக்கரம். தாழ்வான கதவு. மகேந்திரன் காலைத் தூக்காமலே உட்காரலாம்.

"ஐயா, இந்த வேகன்ல எங்கள ஏத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்க. சீனி இருக்கான்."

கிராணி சதாசிவத்தின் முகம் வெளுத்தது. அவருக்கும் ஒரு பயம் இருந்தது. சங்கப் பதிவு இலாகாவில் இருந்து ஒரு தடவை ஒரு கடிதம் வந்தது. அந்த உறையைப் பிரிக்கப் பயந்து ஆறு மாதம் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவர் அவர். "ஆசைதான்மா. விதி பதினாலு இருக்கே. சங்க வண்டியில ஏத்தப்படுறவர் அமரரா இருக்கணும். முன்சீட்டுல உறவினர் ஒருத்தர் போலாம். பாரம், அதான் படிவம், நிரப்பணும்."

"உசிரோட இருக்கிறவங்களுக்குப் பாரம் இல்லையா?"

"பாரம் ஒண்ணுதான். ஆரம்பிச்ச வருஷம் அஞ்சாயிரம் அச்சடிச்சிட்டோம். இன்னும் நாலாயிரத்து அறுநூறு கிடக்கு. அது தீந்தாத்தான் புதுப் பாரம். நீங்கல்லாம் கொஞ்சம் சீக்கிரம்..."

"சீக்கிரம்?"

"சீக்கிரம் தீரணும்னு நானும்தான் வேண்டிக்கிறேன்னு சொல்ல வந்தேன்."

மஞ்சள் தாள். முதல் வரியிலேயே 'அமரர்' என்று அச்சடித்து, பக்கத்தில் கோடு. கலாதேவி பேனாவை வாங்கினாள். மகேந்திரன் என்பதன் முதல் எழுத்தை எழுதப் போனாள். பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது. வீட்டு வாசலில் ஒப்பாரி ஆகிவிட்டது, மௌனம் நாற்பது விநாடி ஆகிவிட்டது, இதையும் எழுதிவிட்டால் பாக்கி என்ன இருக்கிறது?

கிராணிக்கு இரக்கம் வந்தது. திருவிழாவுக்குக் கார் நிறுத்த அனுமதிச் சீட்டில் குத்துகிற ரப்பர் முத்திரையை எடுத்து, மையில் தோய்த்து, 'அமரர்' என்பதற்குக் கீழே குத்தினார். தற்காலிகம். "இப்ப எழுதுங்க. ஒண்ணும் ஆகாது. ஆனா அமரர் பின்னால படுத்தாகணும். உக்காந்தா விதி ஒத்துக்காது."

"படுத்தா அவருக்கு மூச்சு நின்னுடும்யா! பார்த்தீங்களே!"

"பார்த்தேன்," என்றார் கிராணி வருத்தத்தோடு. "அப்படி நின்னுட்டா முத்திரை தேவைப்படாது."

மழை தகரத்தில் இரைந்தது. மகேந்திரன் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கூலிக்கு இழுப்பது போல் இழுத்துக்கொண்டிருந்தார். கலாதேவி அந்தத் தாளை இன்னொரு முறை படித்தாள். அமரர், தற்காலிகம். பக்கத்தில் கோடு. அதற்குக் கீழே, 'உடன் செல்லும் உறவினர் (முன் இருக்கை)'. அங்கேயும் ஒரு கோடு.

இரண்டு கோடு. இரண்டு பேர்.

மேல் கோட்டில் கலாதேவி என்று எழுதினாள். பேனா நிற்கவில்லை. கீழ்க் கோட்டில் மகேந்திரன் என்று எழுதினாள்.

கிராணி வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எதிலும் குற்றம் இல்லை. "சந்தா கட்டியிருக்கீங்களா?"

"இந்த மாசம் வரைக்கும்."

"அப்ப சரி," என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார். "உங்க ஆத்மா சாந்தியடையட்டும்."

மகேந்திரன் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கலாதேவி பின்னால் ஏறிப் படுத்தாள். கதவு மேலிருந்து கீழே இறங்கி மூடியது. உள்ளே புது ரப்பர் வாடை. கூரை முகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தாள். உடனே, நினைக்கக் கூடாது என்று நினைத்தாள்.

வண்டி நகர்ந்தது. நகர்ந்ததா என்று சந்தேகமாகவும் இருந்தது. சீனி இருபது வருடமாக இருபதுக்கு மேல் போனதில்லை.

"சீனி, கொஞ்சம் வேகமா போப்பா."

"அக்கா, பேசாதீங்கக்கா. பின்னால இருந்து சத்தம் வந்தா எனக்குக் கை கால் ஓடாது."

"தண்ணி ஏறுதுடா!"

"ஐயோ, மறுபடியும் பேசுறாங்களே! மகேன் அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"நானும் பாதி அங்கதான்டா இருக்கேன்," என்றார் மகேந்திரன். "அமுத்து."

சீனி வாழ்க்கையில் முதல் தடவையாக அமுத்தினான். ஓடைத் தண்ணீர் இரண்டு பக்கமும் சீறியது. வண்டியின் அடியில் எதுவோ உரசியது. மேட்டில் ஏறும்போது நாலு சக்கரமும் சேற்றைக் கவ்வுவதைக் கலாதேவி முதுகாலேயே உணர்ந்தாள். முன்னால் ஒரு இழுப்பு, பின்னால் ஒரு தள்ளு.

மேட்டின் பாதியில் வெள்ளை எஸ்யூவி சாய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியாக வெளியே வந்த டத்தோவும் ஷர்வினும் முழங்கால் சேற்றில் நின்றார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு கையையும் தூக்கிய டத்தோ, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பின்னால் ஒரு பெண்மணி, கண்ணை மூடி, கையை நெஞ்சில் வைத்து நேராகப் படுத்திருந்தாள். தூக்கிய கை தானாக இறங்கியது. முப்பத்தெட்டு வருடப் பழக்கம். தலை குனிந்து, பக்கத்தில் நின்ற ஷர்வினையும் குனிய வைத்து, விதி ஒன்பதின்படி ஒரு நிமிடம் மௌனமாக நின்றார். அந்த ஒரு நிமிடம் முடிவதற்குள் வேகன் மேட்டைத் தாண்டிவிட்டது.

சிலிபினுக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனார்கள். நர்ஸ் திட்டிக்கொண்டே ஊசி குத்தினாள். மாலைக்குள் கால் குழி பாதி குறைந்தது.

அன்று மாலையே சங்கம் வேகனைத் தேர்ந்தெடுத்தது. கூட்டக் குறிப்பில் காரணமும் எழுதியிருந்தார்கள்: 'பயணம் செய்த அமரரிடமிருந்து எந்தப் புகாரும் வரவில்லை.' கோயில் அறிவிப்புப் பலகையில் கலாதேவிக்கு இரங்கல் ஒட்டப்பட்டது. கீழே சின்னதாக முத்திரை. ஓடை வடிந்து இருவரும் வீடு திரும்பிய திங்கட்கிழமை, அந்த முத்திரையைக் கவனிக்காத வீரம்மா மறுபடியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, கதவைத் திறந்த கலாதேவியைப் பார்த்து, "உங்க வீட்டுல யாருமே ஒழுங்கா இருக்க மாட்டீங்களா?" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை கிராணி அடுத்த பாரத்தை நீட்டினார். முகத்தில் ஒரு மலர்ச்சி. "வாரத்துக்கு மூணு போகும்மா. இதே மாதிரி இருந்தீங்கன்னா சீக்கிரமே தீந்துடும்."

கலாதேவி மேல் கோட்டில் தன் பெயரை எழுதினாள். பின்னால் ஏறிப் படுத்தாள். கதவு மூடியது. எத்தனை தடவை படுத்தாலும் அந்தக் கூரை அதே இடத்தில்தான் இருக்கும் என்று தெரிந்தது. பயமும் அதே இடத்தில்தான் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, முன்சீட்டில் வருகிற மூச்சை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

ஓடையில் இறங்கும்போது ஒரு குலுக்கல். பின்னால் சத்தமே இல்லை.

"கலா," என்று மகேந்திரன் திரும்பாமல் கேட்டார். "இருக்கியா?"

"இருக்கேன் லா," என்றாள் அமரர் கலாதேவி. "எங்க போகப் போறேன்?"